ஃப்ரீஸரில் இருந்த செல்லம்மா

இப்போதெல்லாம் ரத்தம் எடுத்து வைக்கும் குழாயில் பெயரே எழுதுவதில்லையாம். கோடு கோடாக அச்சடித்த ஒரு சின்னச் சீட்டை ஒட்டிவிட்டு, அதன்மேல் சிவப்பு வெளிச்சம் காட்டினால் கம்ப்யூட்டர் மற்றதைச் சொல்லிவிடுகிறதாம். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிறகு என் வேலைக்கு வந்த மா ஃபியூ போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். "ஆன்ட்டி, நீங்க நிஜமாவே குழாயில ஆளோட பேரையா எழுதி வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். நாங்கள் ரத்தத்தை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருந்தோம் என்று சொன்னதுபோல அவள் முகம் போயிற்று.

பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது வெளிநாட்டில் போட்ட விதி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் ஃப்ரீஸரில் முதன்முதலாகப் பெயர் இல்லாமல் நின்ற குழாய்கள் எந்த விதிக்காகவும் அப்படி நிற்கவில்லை. ஒரு பெண்ணுக்காக நின்றன. ஒரு பெண் என்பதா, இரண்டு பெண்கள் என்பதா, அதுதான் எனக்கு இன்றுவரை குழப்பம். எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் சகுந்தலா. ஆபீஸில் டோ சான் யீ. டோ என்பது மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை, இளையவர்களுக்கு மா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சகுந்தலா என்பது அங்கே யார் வாயிலும் நுழையவில்லை என்று அப்பா அந்த இடத்திலேயே யோசித்து எழுதிக் கொடுத்த பெயர் சான் யீ. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். இங்குள்ள தமிழர் வீடுகளில் இது பெரிய விஷயமே இல்லை. எங்கள் ஊருக்கே வீட்டில் ரங்கூன், காகிதத்தில் யாங்கோன்.

வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதில்லை. பி.எஸ்ஸி. முடித்தேன், ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக எடுத்தார்கள், குழாய்களைச் சரியாகக் கழுவக் கற்றுக்கொள்ளவே முதல் வருடம் போயிற்று. எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தில் ஊர் கலங்கியபோது ஆபீஸ் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்த அன்று வாசலிலேயே நாற்றம் அடித்தது. கரண்ட் இல்லாமல் ஃப்ரீஸரில் இருந்ததெல்லாம் உருகிக் கெட்டுப்போயிருந்தது. யார் யாரோ எந்தெந்த வலியோடோ கொடுத்த ரத்தம். முழுவதையும் பின்கட்டில் இருந்த உலையில் போட்டு எரித்தோம். அடுத்த வருடம் நாடே தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதே வருடம்தான் காலியான அந்த ஃப்ரீஸரின் சாவியை சயாமாஜி என் கையில் கொடுத்தார்.

சயாமாஜி என்றால் பெரிய டீச்சரம்மா. மூத்த பெண் டாக்டர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே தலைவர், ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அதற்கும் மேல் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருக்கும் லோஞ்சியின் நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். அவர் கை கண்ணாடிப் பக்கம் போனாலே நாங்கள் நின்ற இடத்தில் நின்றுவிடுவோம்.

அந்தக் கால வேலை முறையை மா ஃபியூ மாதிரிப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ரத்தம் வந்தவுடன் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றிப் பிரித்து, சின்னச் சின்னக் குழாய்களில் பங்கு போட்டுவிடுவோம். ஒரே குழாயாக வைத்தால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் முழுவதும் கெடும். மேலே பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, அதில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை பனியில் ஓடிவிடும், பென்சில் ஓடாது. நோயாளியின் பெயர், அப்பா பெயர், வயது, இருக்கும் இடம். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரு தெருவில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருக்கும். அதனால் அப்பா பெயர் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. கரண்ட் போனால் ஃப்ரீஸரைத் திறக்கவே கூடாது. பழைய கம்பளிகளைச் சுற்றிவிட்டு ஜெனரேட்டர்காரரைத் தேடி ஓடுவேன்.

எடுத்து வைப்பதைவிட எடுத்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. வெளியிலிருந்து ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்தால், அவர் கொண்டுவந்த காகிதத்தை சயாமாஜி உடனே படிக்க மாட்டார். எழுந்து அவரை ஃப்ரீஸர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நான் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு குழாயை எடுத்து நீட்ட வேண்டும்.

"வாசிங்க" என்பார் சயாமாஜி.

வந்தவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்ததும் அடுத்த கேள்வி: "இவங்க இதை எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்க?"

காமாலை ஆராய்ச்சிக்கு என்று கொடுத்ததைக் காமாலைக்குக் கேட்டால் பிரச்சினை இல்லை. வேறு எதற்காவது என்றால், "அப்போ போய்க் கேட்டுட்டு வரணும். கல்யாணத்துக்குன்னு இரவல் வாங்கின லோஞ்சியைக் கேக்காம வேற எங்கயும் கட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்பார். போய்க் கேட்பது என் வேலை. ஆள் இருந்தால் ஆளிடம், இறந்திருந்தால் நெருங்கின உறவிடம். ஆளும் இல்லை, உறவும் இல்லை என்றால் அந்தக் குழாயைக் கொடுக்கவும் மாட்டார், வைத்திருக்கவும் மாட்டார். எரித்துவிட வேண்டும். டாக்டர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பெட்டியில் கிடக்கிற ரத்தத்துக்கு என்ன தெரியும் என்று எனக்கும் சில நாள் தோன்றும். வெயிலில் பஸ் மாறி மாறி அலைபவள் நான்தானே.

டாக்டர் மின் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. வயது குறைவு, துடிப்பு அதிகம். காமாலையைக் கொடுத்துக் கல்லீரலைக் கெடுக்கும் ஒரு கிருமியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கிருமி உள்ளே போய்த் தங்கிவிட்டால் பெரும்பாலும் போகாது. ஆனால் ஏதோ ஒருசிலர் உடம்பு மட்டும் அதைத் தானாகவே துரத்திவிடும். ஏன் என்பதுதான் அவர் கேள்வி. எங்களிடம் இரண்டு வகைக் குழாய்கள் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்பத்திரிகளில் காமாலை நோயாளிகளிடம் எடுத்தவை ஒரு பக்கம். ஒத்துப் பார்ப்பதற்காக, சில வருடம் கழித்து இதே ஊரில் பசுந்தாங் பேட்டையில் முகாம் போட்டு ஆரோக்கியமானவர்களிடம் எடுத்தவை இன்னொரு பக்கம். அந்தந்தக் காலத்திலேயே ஏ, பி, ஓ என்பதற்கும் உள்ளே போகிற ரத்தத்தின் உள்வகைகளைச் சோதித்து எழுதி வைத்திருந்தோம். குழாயைத் தொடுவதற்கு முன்னால் டாக்டர் மின் அந்த முடிவுகளை மேசை முழுக்கப் பரப்பிப் படித்தார். ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடிவந்தார்.

"டோ சான் யீ, ரெட்டைப் பிள்ளைங்க! நம்ம ஃப்ரீஸர்ல ரெட்டைப் பிள்ளைங்க இருக்காங்க!"

நோயாளிகள் பக்கத்தில் செல்லம்மா, அப்பா பெயர் முத்தையா, தாமுவே. கிருமி இருந்தது. ஆரோக்கியமானவர்கள் பக்கத்தில் மியா தீ, அப்பா பெயர் முத்தையா, பசுந்தாங். கிருமி இல்லை. வயதைக் கணக்குப் பார்த்தால் இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். உள்வகைகள் அத்தனையும் ஒன்று. அந்த அளவுக்கு ஒத்துப்போவது ஒரே கருவில் பிறந்தவர்களுக்குத்தான் நடக்கும் என்றார். ஒரே ரத்தம், ஒருத்திக்கு நோய், ஒருத்திக்கு இல்லை. இப்படி ஒரு ஜோடி கிடைப்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் தவம் கிடப்பார்களாம்.

இரண்டு பெயரையும் நான் இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன், பெயரின் கிழமை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டேன். இந்த ஊரில் ஒவ்வொரு கிழமைக்கும் சில எழுத்துகள் உண்டு, பிறந்த கிழமையின் எழுத்தில் பெயர் வைப்பார்கள். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும். அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. ஒரு பிள்ளைக்குத் தமிழ்ப் பெயரும் இன்னொன்றுக்குப் பர்மியப் பெயரும் வைத்த வீடுகள் எனக்கே எத்தனையோ தெரியும். இரண்டு பெயரோடு இத்தனை காலம் வாழ்ந்தவளுக்கு வேறு ஒன்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

இந்த ஆராய்ச்சி பிறவி ரத்த வகையைப் பற்றியது, செல்லம்மா கொடுத்ததோ காமாலைக்கு மருந்து காண என்று. அதனால் கேட்டு வரச் சொன்னார் சயாமாஜி. முதலில் தாமுவே பேட்டைக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் பலகை வீடு. ஒரு வயதான அம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நம்மவர் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம்.

"அம்மா, செல்லம்மா இருக்காங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார். மீன் கழுவிய தண்ணீரை என் காலுக்கு முன்னால் சடாரென்று ஊற்றினார்.

"அந்தப் பேர்ல இங்க ஒருத்தரும் இல்ல. அவ செத்து வருசமாச்சு. எம் மருமவதான். போதுமா? இன்னொரு வாட்டி அந்தப் பேர இந்த வாசல்ல சொல்லாத."

கதவு சாத்தப்பட்டது. மருமகள் செத்த துக்கம் இப்படிக்கூடக் கோபமாக வருமா என்று புரியாமல், மீன் செதில் ஒட்டிய செருப்போடு பஸ் ஏறினேன்.

செய்தியைச் சொன்னதும் டாக்டர் மின், "அப்போ ஒருத்தி செத்துட்டா, ஒருத்தி நல்லா இருக்கா! இன்னும் பெரிய விஷயம்!" என்றார். சயாமாஜியின் கை கண்ணாடிப் பக்கம் போனது. டாக்டர் மின் வாயை மூடிக்கொண்டார்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்கல்ல? செத்தவங்களுக்கும் சேர்த்து அவங்ககிட்டயே கேட்டுட்டு வா, மா சான்" என்றார் சயாமாஜி, மிக மெதுவாக.

பசுந்தாங்கில் மியா தீயின் வீடு ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இரும்பு கடைகிற சத்தத்தில் தரை அதிர்ந்தது. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, நெற்றியில் குங்குமம் வைத்த வாட்டசாட்டமான பெண். தமிழ் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். கட்டில்மேல் புதுத் துணிகள் பரப்பிக் கிடந்தன. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அந்தப் பெண்ணும் தையற்காரியும் பக்கத்து அறையில் பர்மிய மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "முகாம்ல நீங்க ரத்தம் கொடுத்தீங்கல்ல, அதுக்கு மறுபடி உங்க சம்மதம் வேணும். அப்புறம் உங்களோட ரெட்டையாப் பொறந்தவங்க, செல்லம்மா, அவங்க காலமாயிட்டாங்கன்னு தாமுவேல சொன்னாங்க..."

அவள் என் கையிலிருந்த டீக் கோப்பையை வாங்கி வைத்தாள். "இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அக்கா. வாங்க, வெளியில போயிப் பேசலாம்" என்றாள். கேட்டிருக்கிறது என்று அவள் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

ஓடைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படகிலிருந்து அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேரு உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"எங்க ஃப்ரீஸர்ல இருக்கும்மா."

"பேரா?"

"ரத்தம். அதுமேல பேரும் எழுதியிருக்கு."

அவள் படகு கட்டும் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அவ இன்னும் அங்க இருக்காளா?" என்றாள்.

அதன் பிறகுதான் சொன்னாள். காமாலை முற்றி வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மாமியார் அவளைப் பர்மிய ஜோசியரிடம் தூக்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமை பிறந்தவளுக்குச் செவ்வாய்க்கிழமை எழுத்தில் பெயர் வைத்திருக்கிறீர்கள், அது உடம்போடு சண்டை போடுகிறது, அந்தப் பெயரைக் கொன்றுவிட்டு வேறு வையுங்கள் என்றார் ஜோசியர். பழைய லோஞ்சி, சீப்பு, பாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டார்கள். மாமியார் அழக்கூட அழுதாராம். மறுநாளிலிருந்து அவள் மியா தீ. புருஷனோடு வேறு பேட்டைக்குக் குடிவந்தாள். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்துவிட்டது.

"செல்லம்மா போனா. காமாலையும் அவளோட போச்சு" என்றாள்.

ரெட்டைப் பிள்ளைகளும் இல்லை, செத்தவளும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி.

"அப்புறம் ஏம்மா, முகாம்ல காமாலை வந்திருக்கான்னு கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்க?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "மியா தீக்கு எங்க வந்துச்சு? நான் பொய் சொன்னேனா அக்கா?"

பொய் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. அவளே பேசினாள். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவ திரும்பி வந்துருவா. சும்மா வரமாட்டா, வியாதியையும் கூட்டிக்கிட்டு வருவா. பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்கு மியா தீயத்தான் தெரியும். நான் படுத்துட்டா எம் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

அவள் பயம் நிஜம். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போட ஆளில்லை என்றால் செல்லம்மாவின் குழாயை எரித்துவிடுவோம். கொடுத்தால் பலருக்கு உதவலாம். "கிருமி இருந்தப்ப எடுத்த ரத்தமும், போனப்புறம் எடுத்த ரத்தமும் இருக்கிற ஆள் எங்ககிட்ட நீங்க ஒருத்தர்தாம்மா. தானாக் குணமானவங்க ரொம்ப அபூர்வம்."

"தானா எங்க குணமாச்சு? பேரை மாத்தினதால குணமாச்சு" என்றாள்.

டாக்டர் மின் தேடிக்கொண்டிருந்த பதிலை அவள் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டிருந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சயாமாஜி ஒருவரிடம் மட்டும் சொல்லலாமா என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகு கிளம்பினேன்.

சயாமாஜி கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"அப்போ இதை உயிரோட இருக்கிறவங்ககிட்ட கேக்கணுமா, செத்தவங்களோட உறவுகிட்ட கேக்கணுமா?"

"நீங்கதான் சொல்லணும், சயாமாஜி."

"எனக்குத் தெரியலையே, மா சான்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். அவருக்கே தெரியவில்லை என்றால் நான் எங்கே போவேன்? பயமாகக்கூட இருந்தது. கடைசியில், "நீ இனிமே அங்க போகாதே. அவங்களா வந்தா வரட்டும். அடுத்த தடவை உலை மூட்டற வரைக்கும் குழாய் இருக்கட்டும்" என்றார்.

டாக்டர் மின்னிடம், ரெட்டைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவர் பாதிக் கட்டுரை எழுதி முடித்திருந்தார். "காரணமே சொல்லாம எப்படி நிறுத்த முடியும்?" என்று என்னிடம் வந்து குதித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. நடுவில் நான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். ரத்தத்துக்கு உடையவள் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. ஆனால் உடையவள் யார் என்பதே தகராறாக இருக்கும்போது வேண்டாம் என்று யார் சொல்வது?

உலை மூட்டும் நாள் வந்தது. எரிக்க வேண்டியவற்றைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்லம்மாவின் குழாய்களை எடுக்க ஃப்ரீஸர் கைப்பிடியில் கை வைத்தபோது காவல்காரர் வந்து, யாரோ தமிழ்க்காரம்மா தேடுகிறார் என்றார். மியா தீ நின்றிருந்தாள். தலையில் பூ, கையில் மஞ்சள் பை.

"எரிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நான் அவளப் பாக்கணும்."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஃப்ரீஸரைத் திறந்தேன். பனிப்புகை அடங்கியதும் குழாயை எடுத்துக் காட்டினேன். ஃப்ரீஸருக்கு முன்னால் யார் நின்றாலும் பெயரை வாசிக்கச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அன்று சயாமாஜி பின்னால் வந்து நின்றார், வாசிக்கச் சொல்லவில்லை. மியா தீ பென்சில் எழுத்தை உதடு அசையாமல் படித்தாள்.

"இம்மாத்தூண்டா?" என்றாள். பிறகு, "அவளுக்குக் குளிருமா அக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

சயாமாஜியின் மேசையில் இரண்டு விதப் படிவங்கள் இருந்தன. உயிரோடு இருப்பவர் சம்மதம் ஒன்று, இறந்தவருக்காக உறவினர் தரும் சம்மதம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எதையும் சுட்டவில்லை. எது எது என்று நான் தமிழில் சொன்னேன். மியா தீ இறந்தவருக்கான படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ன உறவுன்னு கேக்கறாங்க" என்றேன்.

"அவளுக்கு என்னைய விட்டா யாரும் இல்லன்னு சொல்லுங்க."

பர்மிய மொழியில் சொன்னேன். சயாமாஜி தன் கையாலேயே "மிக நெருங்கிய உறவு" என்று எழுதினார். மியா தீ கையெழுத்துப் போட்டாள். இறந்தவர் பெயர் எழுதியிருந்த இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டாள். பிறகு அவளே ரவிக்கைக் கையை மடித்தாள்.

"என்னோடதையும் இன்னொரு வாட்டி எடுத்துக்கங்க. அந்த டாக்டரு ஒத்துப் பாத்துக்கிடட்டும். ஆனா அந்தப் பேர யாரும் வாயால சொல்லக் கூடாது. எழுதியும் வைக்கக் கூடாது."

"பிளாஸ்திரியை உரிச்சுடு" என்றார் சயாமாஜி.

உறைந்த குழாயில் பிளாஸ்திரி கல்லாக ஒட்டியிருக்கும். ரத்தம் உருகாமல் பசை மட்டும் இளக, கட்டைவிரலை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். விரல் மரத்துப்போயிற்று. பழைய குழாய்கள், முகாம் குழாய்கள், புதுக் குழாய் எல்லாவற்றிலும் புதுப் பிளாஸ்திரி ஒட்டி ஒரே எண்ணை எழுதினேன். பெயர் இல்லை, அப்பா பெயரும் இல்லை.

டாக்டர் மின்னைக் கூப்பிட்டார் சயாமாஜி. அவர் வந்து குழாய்களைப் பார்த்தார். வழக்கப்படி வாசிக்க வாயைத் திறந்தவர் எண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். எல்லாவற்றிலும் ஒரே எண். மெல்ல நிமிர்ந்து, பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மியா தீயைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். "நன்றி, அக்கா" என்று மட்டும் பர்மிய மொழியில் சொன்னார். அவர் எழுதிய பாதிக் கட்டுரை அன்றோடு போயிற்று. பிறகு ஒரே ஆளின் நோய்க்கு முன்னும் பின்னும் என்று வேறு ஒன்று எழுதினார். அதில் என்ன கண்டுபிடித்தார் என்று எனக்கு விளக்கினார், பாதிதான் புரிந்தது. பெயர் மாற்றியதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போகப் போக, எங்கள் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று நான் சம்மதம் கேட்கப் போன மற்ற வீடுகளிலும் சொல்ல ஆரம்பித்தார்கள், எடுத்துக்கொண்டே வந்தோம். நான் ஓய்வு பெறும்போது ஃப்ரீஸரில் பாதிக்கு எண்தான் இருந்தது.

ஆனால் அன்று வேலை அத்தோடு முடியவில்லை. உரித்த பிளாஸ்திரித் துண்டுகள் என் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தன.

"இத என்ன பண்ணுவீங்க?" என்றாள் மியா தீ.

"உலையில போடுவோம், மத்த குப்பையோட."

"குப்பையோடயா?"

அவள் கேட்ட விதத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது. பின்கட்டுக்குப் போனோம். தட்டில் இருந்த எதையும் போடாமல் முதலில் அந்தத் துண்டுகளை மட்டும் போட்டேன். பசை சுர்ரென்று எரிந்தது. சயாமாஜி ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். இறந்தவர்களுக்காகப் பர்மியர்கள் செய்வதுபோல, மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரை மெல்ல மெல்லத் தரையில் வார்த்தார். மியா தீ கைகட்டி நின்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது மஞ்சள் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து எனக்கும் சயாமாஜிக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் காதருகே வந்து, "வீட்டுக்குப் போனதும் தலை முழுகிருங்க அக்கா. நானும் முழுகிருவேன்" என்றாள்.

நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்காமலே, வீட்டுக்குப் போனதும் நேராகக் கொல்லைத் தொட்டிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையோடு உள்ளே வந்தபோது என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"என்ன, இந்நேரத்துல தலைக்கு ஊத்தியிருக்க? யாரு தவறிட்டாங்க?"

"ஒரு பொம்பள. உங்களுக்குத் தெரியாது."

"துக்கத்துக்கு நானும் வரணுமா?"

பத்திரிகை ஈரமாகிவிடாமல் அவர் மடியில் வைத்தேன்.

"வேண்டாம். கல்யாணத்துக்கு வாங்க."